வண்டியின் முகத்தில் ஓர் இரும்பு

1925ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திலே அமெரிக்காவின் ஃபோர்ட் கம்பனியார் புதியதொரு வண்டியை விற்பனைக்கு விட்டனர். முன்புறம் அவர்களுடைய பெயர்பெற்ற மொடல் ரி மோட்டார். பின்புறம் நான்கரை அடி நீளத்துக்குச் சற்று மேற்பட்ட ஓர் இரும்புத் தொட்டி. விலை 281 டொலர். இன்று உலகெங்கும் பிக்கப் எனப்படும் வண்டியைத் தொழிற்சாலையொன்று முழுமையாகச் செய்து விற்றமைக்குத் தக்க தொடக்கமாக வரலாற்றாசிரியர் இவ்வண்டியையே காட்டுவர். ஆயினும் அக்கம்பனி புதிதாக எதையும் எண்ணிக் கண்டுவிடவில்லை. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே கமக்காரர் தம் மோட்டார்களின் பின்பக்கத்தை அறுத்தெறிந்து, பலகையினாற் பெட்டியடித்துப் பூட்டி, தானிய மூட்டைகளையும் பாற்குடங்களையும் ஏற்றிச் சென்றுகொண்டிருந்தனர். பிக்கப் என்பது பிறப்பிலேயே கைவேலைப் பொருள். அந்த 281 டொலரிற் பம்பர் அடங்கவில்லை என்பதும் கருதத்தக்கது. வண்டியின் முகத்துக்குக் காவல் வேண்டுமென்றால், உடையவன் அதைத் தனியே விலைக்கு வாங்கவேண்டும். அன்றேல் தானே செய்துகொள்ளவேண்டும். இவ்விரண்டாவது வழியின் கதையே ஈண்டுக் கூறப்படுவது.

ஓடும் பொறியின் முன்னே இரும்பொன்றை நீட்டிவைக்கும் எண்ணம் மோட்டார்களுக்கு முற்பட்டது. 1830ஆம் ஆண்டில் லிவர்பூலுக்கும் மான்செஸ்ரருக்கும் இடையே புகைவண்டி ஓடத் தொடங்கிய காலத்திலேயே, தண்டவாளத்திற் கிடக்கும் தடைகளை ஒதுக்கித்தள்ளும் கருவியொன்று வேண்டும் எனக் கணித அறிஞர் சாள்ஸ் பபேஜ் கருத்துரைத்தார். கணக்கிடும் பொறிக்கு வித்திட்ட அதே பபேஜ்தான். அமெரிக்காவிலோ தேவை இன்னும் கடுமையாயிற்று. அங்கு இருப்புப்பாதைக்கு வேலியில்லை. மாடுகள் தம் மனம்போல் நடமாடின. 1831இல் இங்கிலாந்திலிருந்து துண்டு துண்டாகக் கப்பலில் வந்திறங்கிய ஜோன் புல் என்னும் எஞ்சினைப் பொருத்திய ஐசக் டிறிப்ஸ் என்னும் இளம் தொழிலாளி, பின்னர் அதன் முன்னே இரு சக்கரங்களோடு கூடிய சட்டமொன்றைப் பூட்டினார். மாட்டை ஒதுக்கும் அந்தச் சட்டமே நாளடைவில் அமெரிக்கப் புகைவண்டிகளின் அடையாளமாயிற்று.

மோட்டார் வண்டிக்குப் பம்பர் வந்தது மெதுவாகத்தான். 1905ஆம் ஆண்டளவில் பிரெடெறிக் சிம்ஸ் என்னும் ஆங்கிலேயர் இரப்பரினாலான பம்பருக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பெரும்பாலான வண்டிகளுக்கு அது தனிவிலைப் பொருளாகவே இருந்தது.  பின்னர் வந்த பளபளப்பு யுகத்திலே, அப்பொருள் காவலுக்கு உரியதா அலங்காரத்துக்கு உரியதா என்று சொல்ல முடியாத நிலை உண்டாயிற்று. குறோமியம் பூசிய மெல்லிய தகடு அழகாகத்தான் இருந்தது. வேலிக்கட்டையில் மோதினாலோ அது நசுங்கிற்று.

நகரவாசி அதைப் பொறுத்துக்கொண்டான். கமக்காரனாற் பொறுக்க முடியவில்லை. அவனுடைய பிக்கப் வயலிலே புதைந்த உழவு இயந்திரத்தை இழுக்கவேண்டும். சாய்ந்த மரத்தைத் தள்ளவேண்டும். பட்டியின் வாயிலிலே முரண்டு பிடிக்கும் எருதின் இடியையும் தாங்கவேண்டும். அதற்கேற்ற இரும்பு வண்டிச்சாலையிற் கிடைக்கவில்லை. அவனுடைய கொட்டகையின் மூலையிற் கிடந்தது. உடைந்த கலப்பையின் சட்டம், பழைய பாலத்தின் சானல் இரும்பு, எண்ணெய்க் கிணறுகள் நிறைந்த தெக்சாஸ் போன்ற பகுதிகளிலே தேய்ந்து கழிந்த துளைகுழாய் ஆகியவை மலிவாகவோ இலவசமாகவோ கிடைத்தன. அந்தத் துளைகுழாயினாலேயே அங்குள்ளோர் இன்றும் வேலியடைப்பர். வண்டிக்குப் பம்பரும் செய்வர்.

இரும்பு இருந்தாற் போதுமா? அதை ஒட்டும் வழி வேண்டும். உலையிற் காய்ச்சிச் சம்மட்டியால் அடித்து இணைக்கும் பழைய முறை கொல்லனுக்கே உரியது. மின்பொறியால் உருக்கி ஒட்டும் முறை, அதாவது பட்டறைகளில் வெல்டிங் என வழங்கும் முறை, 1907ஆம் ஆண்டளவில் ஒஸ்கார் ஷெல்பேர்க் என்னும் சுவீடன் நாட்டவர் மேற்பூச்சிட்ட ஒட்டுக்கம்பியைக் கண்டதன் பின்னரே நம்பத்தக்கதாயிற்று. எனினும் மின்சாரமில்லாத பண்ணைக்கு அதனாற் பயனென்ன? 1930களின் நடுவில் அமெரிக்கப் பண்ணைகளில் ஏறத்தாழப் பத்தில் ஒன்றுக்கே மின்சாரம் இருந்தது. 1935இல் ரூஸ்வெல்ற் அரசு கிராம மின்சார நிருவாகத்தை அமைத்தது. 1950களின் நடுவிற் பத்தில் ஒன்பது பண்ணைகளுக்கு மேல் மின்சாரம் எட்டிவிட்டது. விளக்கெரிந்ததையும் தண்ணீர் இறைத்ததையும் இந்த மாற்றத்தின் பயனென்று எல்லாரும் எழுதுவர். கொட்டகை மூலையிலே வந்து அமர்ந்த வெல்டிங் பெட்டியை எழுதுவோர் சிலரே. கமக்காரன் கொல்லனை எதிர்பாராது தன் இரும்பைத் தானே ஆளத் தொடங்கியது அந்தப் பெட்டி வந்த பின்னர்தான்.

இவ்விரண்டுக்கும் இடையிலே ஒரு பெரும்போர் நிகழ்ந்தது. கைவேலையாற் செய்த முன்னிரும்பு ஒன்று ஒரு படையின் போக்கையே மாற்றியதாகப் பேசப்பட்டதும் அப்போரிற்றான்.

1944 யூன் 6ஆம் நாள் நேசநாட்டுப் படைகள் பிரான்சின் நோர்மண்டிக் கரையில் இறங்கின. கரையைப் பிடித்ததோடு கடினம் முடிந்ததென எண்ணியோர் ஏமாந்தனர். கரைக்கு அப்பாலிருந்த நாடு சின்னஞ்சிறு வயல்களும் அவற்றைச் சூழ்ந்த வேலிகளுமாய் இருந்தது. வேலியென்றால் முள்வேலியன்று. நூற்றாண்டுக் கணக்கில் உழவர் எழுப்பி வளர்த்த மண்வரம்பு. ஆள் உயரம் வரை எழுந்த அவ்வரம்பின் மேல் மரமும் புதரும். உள்ளே ஒன்றோடொன்று பின்னிக் கல்லாய் இறுகிய வேர். ஒவ்வொரு வயலும் ஒரு கோட்டை. வரம்பின் மறுபுறத்தே ஜேர்மன் சிப்பாய் இயந்திரத் துப்பாக்கியோடு காத்திருந்தான்.

யுத்த டாங்கி இவ்வரம்பின் மேல் ஏறினால் நேர்ந்த நிலை பரிதாபத்துக்குரியது. அதன் மூக்கு வானை நோக்கி எழும். பீரங்கியும் வானையே பார்க்கும். கவசம் மெலிந்த அடிவயிறோ எதிரிக்கு நேரே திறந்து காட்டப்படும். வெடிவைத்து வரம்பைப் பிளக்கலாம். ஆனால் ஒவ்வொரு வரம்புக்கும் அவ்வாறு செய்ய வெடிமருந்து கட்டுபடியாகாது. செய்தாலும், டாங்கி எவ்வழியே வரப்போகிறது என்பதை அவ்வோசையே பகைவனுக்கு அறிவித்துவிடும். வயலுக்கு வயல் ஆட்கள் மடிந்தனர்.

102ஆவது குதிரைப்படை வேவு அணியிலே கேர்டிஸ் கியூலின் என்னும் சார்ஜண்ட் ஒருவர் இருந்தார். நியூ ஜேர்சி மாநிலத்தவர். இவ்வரம்புகளை எவ்வாறு கடப்பது எனச் சிப்பாய்கள் பேசிக்கொண்டிருந்தபோது, தெனசி மாநிலத்தைச் சேர்ந்த றொபேட்ஸ் என்னும் ஒருவர், டாங்கியின் முன்னே வாட்பல் போலச் சில பற்களைப் பூட்டி வேலியை அறுத்துச் சென்றாலென்ன என்று கேட்டாராம். கூடியிருந்தோர் நகைத்தனர். கியூலின் நகைக்கவில்லை. புகழ் தம்மிடம் வந்த பின்னரும் எண்ணம் றொபேட்சினுடையது என்றே அவர் கூறிவந்தார் என்பது அவருடைய பண்புக்குச் சான்று. எண்ணம் ஒருவருடையது, இரும்பை எடுத்து ஒட்டிய துணிவு மற்றவருடையது என இருவருக்கும் பங்கு கொடுப்பதே நியாயம்.

இரும்பு எங்கிருந்து வந்தது என்பதிற்றான் இக்கதையின் சுவை உள்ளது. நேசப்படைகளின் படகுகளைக் கிழிப்பதற்கென ஜேர்மனியர் கடற்கரை முழுதும் தடித்த உருக்குச் சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாக நட்டு வைத்திருந்தனர். படை இறங்கிய பின் அவை கேட்பாரற்றுக் கிடந்தன. அவற்றையே அறுத்துக் கூராக்கி, டாங்கியின் தாழ்ந்த முன்பகுதியிலே தந்தங்கள் போல உருக்கி ஒட்டினர். டாங்கி வேகமாய் வந்து மோதியதும் அத்தந்தங்கள் வரம்பினுட் புகுந்து பிடித்துக்கொள்ளும். வண்டியின் மூக்கு மேலெழ முடியாது. பல தொன் எடை வேரோடும் மண்ணோடும் வரம்பைத் தள்ளிக்கொண்டு மறுபுறம் வெளிப்படும். பீரங்கி நேராகவே இருக்கும். கவசம் தடித்த முகமே பகைவனுக்குக் காட்டப்படும். சிப்பாய்கள் அவ்வண்டிக்குக் காண்டாமிருகம் எனப் பெயரிட்டனர்.

யூலை 14ஆம் நாள் ஜெனரல் பிராட்லி இதனை நேரிற் கண்டார். கண்டவுடன் கட்டளை பிறந்தது. ஒட்டும் கருவிகளும் ஒட்டத் தெரிந்தோரும் இங்கிலாந்திலிருந்து வரவழைக்கப்பட்டனர். இரவு பகலாக வேலை நடந்தது. யூலை 25ஆம் நாள் பெருந்தாக்குதல் தொடங்கியபோது, முதலாம் படையின் டாங்கிகளில் ஐந்துக்கு மூன்று தந்தம் பெற்றுவிட்டன. ஏறத்தாழப் பதினொரு நாளில் முடிந்த காரியம் இது. முறைப்படி வரைபடம் வரைந்து, தொழிற்சாலைக்கு எழுதி, கப்பலில் ஏற்றி வரவழைத்திருந்தால் எத்தனை மாதம் சென்றிருக்கும்!

அத்தந்தங்கள் போரின் முடிவையே மாற்றின எனச் சிலர் மிகைபட எழுதியுள்ளனர். தாக்குதல் உடைந்து பரந்தபின் டாங்கிகள் பெரும்பாலும் வீதி வழியே விரைந்தன, ஆதலால் வரம்பை அறுக்கும் வேலை எதிர்பார்த்த அளவு நேரவில்லை என்று வேறு சிலர் எடுத்துக்காட்டினர். பின்னவர் கூற்றே பொருந்தும் போலத் தோன்றுகிறது. ஆனால் வரம்பைக் கண்டு அஞ்சிய டாங்கிக்காரனுக்கு, தன் வண்டியின் முகத்தில் அவ்விரும்பு உண்டு என்ற எண்ணமே ஓர் ஆயுதமாயிருந்தது என்பதை அவர்களும் மறுக்கவில்லை. கியூலினுக்குப் பதக்கம் கிடைத்தது. அதே ஆண்டின் பிற்பகுதியில் ஹூர்ற்கன் காட்டுப் போரிலே கண்ணிவெடி அவருடைய காலைப் பறித்தது. 1961ஆம் ஆண்டு, குடியரசுத் தலைவர் பதவியை விட்டு இறங்கும் தறுவாயில், ஐசன்ஹோவர் இந்தச் சார்ஜண்டைப் பேருரையொன்றிலே பெயர் சொல்லி நினைவுகூர்ந்தார். 1963இற் கியூலின் காலமானார்.

இதனினும் எளிய இரும்பொன்றும் அப்போரில் உண்டு. ஜீப் வண்டிகள் முன்கண்ணாடியை மடக்கிவிட்டு ஓடிய காலம் அது. பின்வாங்கும் ஜேர்மனியர் வீதிக்குக் குறுக்கே, ஓட்டுபவனின் கழுத்தளவில், மெல்லிய கம்பியை இழுத்துக் கட்டிச் சென்றனர். இருளில் அது கண்ணுக்குத் தெரியாது. இதற்கு மாற்றாக, ஜீப்பின் முன்பம்பரிலே நெடிய ஆங்கிள் இரும்பொன்றை நிமிர்த்தி ஒட்டி, அதன் நுனியை முன்னோக்கி வளைத்துக் கொக்கி போலாக்கினர். கம்பி அதிற் சிக்கி அறும். எத்தனை கழுத்துகளை அவ்விரும்பு காத்ததோ!

போர் முடிந்தது. போரில் ஓடிய வண்டியின் வழித்தோன்றலாக டொட்ஜ் கம்பனியார் 1946ஆம் ஆண்டுக்குரியதாகப் பவர் வகன் என்னும் பிக்கப்பை விற்றனர். அதன் முன்னே அலங்காரத் தகடு இல்லை; தடித்த உருக்குப் பம்பரும், வேண்டுவோர்க்கு அதன்மேல் வடம் சுற்றும் விஞ்சும் இருந்தன. கமக்காரர் தம் கொட்டகையிற் செய்துவந்த பொருளைத் தொழிற்சாலையே செய்த அரிய நிகழ்ச்சி அது. மற்றைய பிக்கப்புகளோ மெல்லிய தகட்டோடுதான் வந்தன. பலவற்றுக்குப் பின்பம்பர் பல ஆண்டுகள் தனிவிலைப் பொருளாகவே இருந்தது. ஆகவே கொட்டகை வேலையும் நின்றபாடில்லை.

அவ்வேலையின் நுட்பத்தைச் சற்று விரித்துரைப்பது தகும். பிக்கப்பின் உடல் வேறு, அதைச் சுமக்கும் அடிச்சட்டம் வேறு. இரண்டு நெடிய உருக்குச் சட்டங்கள் முன்னிருந்து பின்வரை ஓடும். பம்பர் எவ்வளவு தடித்ததாயினும் அச்சட்டங்களின் நுனியைப் பற்றாவிடின் அது வெறும் சுமை. தேர்ந்த கைவினைஞன் முதலில் இரும்பைத் தொடமாட்டான். காகித அட்டையை வெட்டி வண்டியின் முகத்தில் வைத்துப் பார்ப்பான். சக்கரம் முழுதாகத் திரும்பும்போது ரயர் உராயாதா, றேடியேற்றருக்குக் காற்றுப் புகுமா, முன்விளக்கு மறைகிறதா என்பனவெல்லாம் அட்டையிலேயே தீர்மானமாகும். பின்னரே கால் அங்குலத் தகட்டை வெட்டுவான். முழு நீளத்துக்கு ஒரேயடியாக ஒட்டமாட்டான். அங்குமிங்கும் சிறு புள்ளிகளாக ஒட்டி, அளவு சரிபார்த்து, பிறகு இடம் மாற்றி மாற்றி நிரப்புவான். உருகிய இரும்பு ஆறும்போது சுருங்கும். ஒரு பக்கமே ஒட்டிச் சென்றால் ஆறடித் தகடும் வில்லாய் வளைந்துவிடும். முடிந்த பம்பரை அடிச்சட்டத்தோடு உருக்கி ஒட்டுவதையும் அவன் தவிர்ப்பான். வெப்பம் சட்டத்தின் உறுதியைக் கெடுக்கக்கூடும்; சுரையாணி கொண்டு பூட்டினால் வேண்டும்போது கழற்றவும் இயலும். நாகம் பூசிய இரும்பைச் சுரண்டாமல் ஒட்டுபவன், அன்றிரவே அப்புகையின் பயனாகக் குளிர்க்காய்ச்சலில் நடுங்குவான். பழைய பட்டறைகளில் இதை அனுபவித்து அறியாதோர் அரிது.

எடையும் ஒரு கணக்கே. கால் அங்குல உருக்குத் தகடு சதுர அடிக்குப் பத்து இறாத்தலுக்குச் சற்று மேல். தகடும் தாங்கிகளும் கொக்கிகளும் சேர்ந்து 60 கிலோ ஆயிற்று என்று கொள்க. அது முன்னச்சுக்கு 90 சென்ரிமீற்றர் முன்னே தொங்குகிறது. அச்சுகளுக்கிடைத் தூரம் 3 மீற்றர். அப்போது முன்னச்சின் மேல் ஏறும் சுமை 60 கிலோ அன்று, 78 கிலோ. பின்னச்சிலிருந்து 18 கிலோ குறையும். துலாவின் நியதி இது. வில் தாழும், பாரமேற்றாத வண்டியின் பின்சக்கரம் மழைநாளில் எளிதிற் சறுக்கும். இரும்பு கூடக்கூடக் காவல் கூடும் என எண்ணுவோர் இக்கணக்கை மறந்துவிடுகின்றனர்.

அரசும் பம்பரைக் கவனிக்கத் தொடங்கியது. 1973ஆம் ஆண்டுக்குரிய கார்கள் மணிக்கு 5 மைல் வேகத்தில் முன்புறம் மோதினாலும் விளக்கு முதலிய உறுப்புகள் கெடலாகாது என அமெரிக்கச் சட்டம் வற்புறுத்தியது. 1982இல் அவ்வேகம் இரண்டரை மைலாகக் குறைக்கப்பட்டது. இச்சட்டம் கார்களுக்கே உரியது. பிக்கப்புகளை அது தொடவில்லை. வேலைக்கென்று பிறந்த வண்டியின் முகம் சட்டத்தின் கண்ணுக்கும் புறம்பாயிருந்தது.

இதற்கிடையே ஜேர்மனியில் ஒரு பொறியியலாளர் நேரெதிரான உண்மையொன்றை நிறுவிவிட்டார். பேலா பரேனி என்னும் அவர் 1950களின் தொடக்கத்திற் காப்புரிமை பெற்ற கருத்து இது: வண்டியின் நடுப்பகுதி, அதாவது மனிதர் இருக்கும் இடம், உறுதியாயிருக்கட்டும், முன்னும் பின்னும் நசுங்கட்டும். 1959இல் மேர்சிடிஸ் கம்பனியார் இக்கருத்தைக் காரிற் கொண்டுவந்தனர். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வண்டி சுவரில் மோதி 60 சென்ரிமீற்றர் நசுங்கி நின்றால், உள்ளிருப்போர் மீது அவர்தம் எடையைப்போல ஏறத்தாழ 16 மடங்கு விசை தாக்கும். 30 சென்ரிமீற்றரே நசுங்கினால் 33 மடங்கு. நசுங்காத முகம் வண்டியைக் காக்கிறது. அடியை உள்ளிருப்பவனுக்குக் கைமாற்றுகிறது. பிற்காலத்தே காற்றுப்பைகள் வந்தபோது சிக்கல் பெருகிற்று. முன்பகுதி எந்த அளவில் நசுங்கும் என்று கணித்தே அவை விரியும் கணம் வகுக்கப்பட்டிருக்கிறது. கொட்டகையிற் செய்த இரும்பு அக்கணிப்பைக் குழப்பக்கூடும்.

ஆயினும் நாட்டுப்புறத்தான் காட்டும் நியாயமும் பொய்யன்று. அவுஸ்திரேலியாவின் நெடும்பாதைகளில் அந்தி மயங்கும் வேளையிற் கங்காரு குறுக்கே பாயும். மெல்லிய முகமுடைய வண்டியின் றேடியேற்றர் உடைந்தால், அடுத்த உதவி நூறு கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கக்கூடும். தண்ணீரற்ற வெளியில் அது உயிருக்கே இடராகும். ஆதலாற்றான் அங்கு வண்டியின் முன் உருக்குச் சட்டம் பூட்டும் வழக்கம் ஊன்றியது. அமெரிக்காவிலோ மான். அங்கு மானோடு மோதும் வண்டிகள் ஆண்டொன்றுக்குப் பத்து இலட்சத்துக்கு மேலென்று காப்புறுதியாளர் மதிப்பிடுகின்றனர்.

ஐரோப்பிய நகரங்களிற் கங்காருவும் இல்லை, வீதிக்கு மான் வருவதும் அரிது. இருந்தும் அச்சட்டங்கள் அலங்காரத்துக்காக அங்கும் பரவின. அவற்றின் விளிம்பு நின்ற உயரம், வீதியைக் கடக்கும் சிறுபிள்ளையின் தலை நிற்கும் உயரம். 2005இல் ஐரோப்பிய ஒன்றியம் இத்தகைய முன்சட்டங்களுக்குச் சோதனை விதித்தது. காலிலும் பிள்ளையின் தலையிலும் படும் அடி இன்ன அளவைத் தாண்டலாகாது என்றது. வளையாத உருக்கு அச்சோதனையைக் கடப்பது கடினம். புதிய வண்டிகளோடு அது விற்கப்படுவதும் அவ்வளவில் ஒழிந்தது. அவுஸ்திரேலியரும் 2002ஆம் ஆண்டிலேயே தம் சட்டங்களுக்கு ஒரு தரநியமம் வகுத்துக்கொண்டனர். ஆனால் அவற்றைக் கைவிடவில்லை. கைவிடவும் அவர்களால் இயலாது.

அமெரிக்கக் கொட்டகையில் இன்று மாற்றம் வேறுவகையானது. பழைய பாலத்தின் சானல் இரும்பைத் தேடி அலைய வேண்டியதில்லை. வண்டியின் ஆண்டையும் பெயரையும் எழுதி அனுப்பினால், ஒளிக்கற்றையால் மயிரிழை பிசகாது வெட்டிய தட்டையான தகடுகள் பெட்டியில் வந்து சேரும். எங்கு மடிக்கவேண்டும் என்பதற்குத் துளைவரிகளும் அவற்றிலேயே உண்டு. மடித்து, பொருத்தி, ஒட்டி முடிப்பது வாங்கியவன் பொறுப்பு. அவனும் புள்ளி புள்ளியாக ஒட்டி, தூக்கிச் சென்று வண்டியில் வைத்து, சக்கரத்தை இருபுறமும் முழுதாகத் திருப்பிப் பார்த்த பின்னரே மீதியை ஒட்டுகிறான்.